வாப்பாவின் பீ.எஸ்.ஏ.யும் பஞ்சிகாவத்தைப் பயணமும்



உங்கள் வீட்டிலும் அப்படியொரு பொருள் இருக்கும். வீசிவிட மனம் வராது, பாவிக்கவும் முடியாது. உம்மும்மா கையால் சுற்றித் தைத்த சிங்கர் மெஷினாக இருக்கலாம். திரி கிடைக்காமற்போன மண்ணெண்ணெய் அடுப்பாக இருக்கலாம். பெருநாள் வந்தால் வெளியே எடுத்துத் துடைப்போம். துடைத்து முடிந்ததும் அதே மூலையில் திரும்ப வைத்து, மேலே ஒரு பழைய சாரனைப் போர்த்திவிடுவோம்.

எங்கள் வீட்டில் சாரன் போர்த்தப்பட்டு நின்றது ஒரு மோட்டார் சைக்கிள். பீ.எஸ்.ஏ. எம் 20. அதன் ஒரேயொரு பாகத்துக்காக நான் கம்பளையிலிருந்து கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய் வந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். 'மோட்டார் சைக்கிள் கதை பெண்களுக்கு எதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த வண்டிக்கு என்ன நோய் என்று சொன்னவரும் ஒரு பெண்தான். அதைக் குணமாக்கிய கைகளும் ஒரு பெண்ணின் கைகள்தான்.

பிடவைக் கட்டும் இரும்புக் குதிரையும்

வாப்பா பிடவை வியாபாரி. கம்பளையில் சிறிய கடை. ஆனால் வியாபாரம் நடந்தது கடையிலல்ல, மலையில். தோட்டங்களில் சம்பளம் போடும் நாட்களில் பிடவைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு புசல்லாவை, ரம்பொடைப் பக்கத்து லயங்களுக்குப் போவார். ஆரம்பத்தில் பஸ்ஸில் போனார். பஸ் போகாத இடங்களுக்குக் கட்டைத் தோளில் சுமந்தார். 1964இல், தோட்டத்து எழுதுவினைஞர் ஒருவர் ஓய்வு பெற்றுப் போகும்போது விற்ற இந்த வண்டியை வாங்கினார். அன்று வாப்பாவுக்கு வயது 25. வண்டிக்கும் ஏறத்தாழ அதே வயதுதான்.

பீ.எஸ்.ஏ. என்பது பர்மிங்ஹாம் நகரத் துப்பாக்கித் தொழிலாளர்கள் சேர்ந்து 1861இல் தொடங்கிய கம்பனி. அந்த மூன்றெழுத்தின் பொருளே 'பர்மிங்ஹாம் சிறு ஆயுதங்கள்' என்பதுதான். மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய படம்தான் அவர்களின் சின்னம். 1910இலிருந்து மோட்டார் சைக்கிளும் செய்தார்கள். இரண்டாம் உலக மகா யுத்தம் வந்தபோது பிரித்தானியப் படைக்காக எம் 20 வண்டிகளை ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் செய்து கொடுத்தார்கள். 1940 நவம்பரில் அந்தத் தொழிற்சாலை மீது குண்டு விழுந்து 53 தொழிலாளர்கள் இறந்து போனார்கள். அதற்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. யுத்தக் காலத்தில் செய்த இன்ஜின்களில் 'டபிள்யூ எம் 20' என்ற எழுத்துக் குத்தியிருக்கும். எங்கள் வண்டியிலும் அது இருக்கிறது. 1944இல் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிக்கு வந்ததல்லவா? அப்போது ஓடித் திரிந்த பட்டாளத்து வண்டிகளில் இதுவும் ஒன்று, யுத்தம் முடிந்ததும் விற்றுவிட்டுப் போனார்கள் என்று வாப்பா சொல்வார்.

பார்ப்பதற்கு அழகான வண்டியென்று சொல்ல மாட்டேன். ஒற்றைச் சிலிண்டர், 496 சி.சி. கனம் சுமார் 170 கிலோ. பின் சில்லுக்கு ஸ்பிரிங் கிடையாது. ஆசனத்துக்குக் கீழேதான் ஸ்பிரிங். பாதையிலுள்ள ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் வந்து கணக்குச் சொல்லும். வேகமும் கிடையாது. ஆனால் இரண்டு பெரிய பிடவைக் கட்டுகளோடு ரம்பொடை ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறும். வாப்பாவுக்கு அதுதான் தேவைப்பட்டது.

அதை ஸ்டார்ட் பண்ணுவது ஒரு சடங்கு போல. முதலில் பெற்றோல் டெப்பைத் திறக்க வேண்டும். கார்புரேட்டரின் தலையிலுள்ள சின்ன ஊசியைப் பெற்றோல் கசியும்வரை அழுத்த வேண்டும். கைப்பிடியிலுள்ள லீவரால் நெருப்புப் பொறியைப் பிந்த வைக்க வேண்டும். இன்னொரு லீவரால் வால்வைத் தூக்கிப் பிடித்து, பிஸ்டனை மெதுவாக மேலே கொண்டுவந்து, லீவரை விட்டுவிட்டு ஒரே உதை. ஊசியை அழுத்துவது என் வேலை. காலையில் பாடசாலைக்குப் போகும்போது என் விரலில் பெற்றோல் மணக்கும். பக்கத்திலிருக்கும் பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கோ பெருமையாக இருக்கும்.

பிஸ்கட் தகரத்துக்குள் ஒரு கடை

1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை வெளிநாட்டுச் சாமான்களுக்கு எவ்வளவு தட்டுப்பாடு இருந்தது என்பது மூத்த சகோதரிகளுக்கு ஞாபகமிருக்கும். அரிசிக்கும் பிடவைக்கும் வரிசையில் நின்ற காலத்தில் மோட்டார் சைக்கிளுக்குச் சாமான் எங்கே கிடைக்கும்? பிறகு 1973இல் பீ.எஸ்.ஏ. கம்பனியே நொடித்துப் போயிற்று. இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது ஜப்பான் வண்டிகள் வந்து குவிந்தன. வாப்பாவின் வண்டிக்குப் பிறந்தகம் இல்லாமற் போனது.

வாப்பா சளைக்கவில்லை. கேஸ்கட் கிழிந்தால், தடித்த தாளை இன்ஜின் விளிம்பில் வைத்துச் சின்னச் சுத்தியலால் விளிம்போரமாகத் தட்டித் தட்டியே வெட்டி எடுப்பார். பெற்றோல் டெப்பின் தக்கை காய்ந்து ஒழுகினால், உம்மாவின் கேத்தலில் வெந்நீர் வாங்கி அதில் ஊறப்போட்டு உப்ப வைப்பார். கழற்றிய ஒரு நட்டைக்கூட வீச மாட்டார். எல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் தகரத்துக்குள் போகும்.

அந்த நட்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்று நாம் கடையில் வாங்கும் போல்ட் நட்டுகள் மில்லிமீற்றர் கணக்கில் வருபவை. பீ.எஸ்.ஏ. போன்ற பழைய இங்கிலாந்து வண்டிகளில் இருப்பவை அங்குலக் கணக்கு. அதிலும் ஒரே வகையல்ல. 1841இல் விட்வர்த் என்ற பொறியியலாளர் வகுத்த முறையில் புரியின் கோணம் 55 பாகை. மோட்டார் சைக்கிள்களுக்கென்று வந்த இன்னொரு வகையில் அங்குலத்துக்கு 26 புரிகள். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். விரலால் சுற்றினால் இரண்டு சுற்றுப் போகும், பிறகு இறுகும். 'கொஞ்சம் பலமாகத் திருகினால் சரி' என்று திருகினீர்களானால் இரண்டும் பாழ். ஸ்பானரும் தனி. விட்வர்த் ஸ்பானரில் போட்டிருக்கும் அளவு நட்டின் தலையுடையதல்ல, போல்ட்டின் தண்டுடையது. இது தெரியாமல் நானா ஒருமுறை ஜப்பான் ஸ்பானரால் திருகி ஒரு நட்டின் மூலைகளையெல்லாம் மழுக்கிவிட்டார். வாப்பா ஏசவில்லை. மழுங்கிய நட்டையும் தகரத்துக்குள் போட்டார்.

எந்த எட்டில் ஒன்று?

வாப்பா 2022 ஜனவரியில் மௌத்தானார். உம்மா இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் கொட்டிலை யாரும் திறக்கவில்லை. அதற்கு முன்பே பல வருடமாக வண்டி ஓடாமல்தான் நின்றது. அடுத்த வருடம் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வண்டிகளைச் சேர்ப்பவர். நல்ல விலை சொன்னார். நானாவுக்குக் கடையில் கடன் இருந்தது. எனக்கும் வீட்டுக் கூரை வேலை பாதியில் நின்றது. இருவரும் சம்மதித்துவிட்டோம்.

ஆனால் அவர் வண்டியைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தாங்கியைத் தட்டினார். முன் கவரைத் தடவினார். சில்லுகளை எண்ணினார். கார்புரேட்டரிலிருந்த எழுத்தைப் போனில் படமெடுத்தார். வண்டியைப் பார்க்கவில்லை, துண்டு துண்டாகப் பார்த்தார். பிறகு நானா கதையோடு கதையாக விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. அவரிடம் அரைகுறையாக மூன்று வண்டிகள் இருக்கின்றன. எங்களுடையதைக் கழற்றினால் அவை மூன்றும் முழுமையாகும்.

இது பாவமான காரியமென்று நான் சொல்ல வரவில்லை. அரிய வண்டிகளின் உலகில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை ஓட வைப்பது வழக்கம். ஓடாத வண்டிக்குப் பெரும்பாலும் இதுதான் கதி. ஆனாலும் அன்றிரவு எங்களில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சொத்துப் பங்கைப் பற்றிக் கதைத்தோம். வாப்பா விட்டுச் சென்றதில் உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதியில் நானாவுக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு. வண்டியும் அதற்குள்தான். விற்ற காசைப் பிரிப்பது இலகு என்று நானா விளக்கினார். உம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ட எட்டில ஒன்ட காசாத் தர வேணாம் மகன். சாமானாத் தாங்க. அந்த மெக்னீட்டோவத் தாங்க. மத்ததெல்லாம் நீங்க விரும்பினபடி வித்துக்கோங்க."

"அதில உயிரே இல்ல உம்மா. பொறி வருதில்ல. வண்டி நிண்டதே அதாலதான்."

"உயிரில்லாததத்தானே கேக்கிறன்."

வாங்க வந்தவர் முழு வண்டிக்குத்தான் விலை சொல்லியிருந்தார். உம்மா தன் பங்கைப் பிடித்துக்கொண்டால் விற்பனை நடக்காது. நானா சிரித்துவிட்டார். "சரி, ஒரு மாதம் பார்ப்போம். ஓடினால் வேறு கதை. ஓடாவிட்டால் விற்பதுதான்" என்றார். மெக்னீட்டோவைக் கழற்றி, வாப்பாவின் சாரன் துண்டொன்றில் சுற்றி என் கையில் தந்தார்.

மருதானையில் இறங்கி

2023 ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேராதனைச் சந்தியில் ரயிலேறினேன். பன் பையை மடியில் வைத்திருந்தேன். எதிரே இருந்த அம்மா ஒருவர், "கவனமா வச்சிருக்கிறீங்க, வட்டிலப்பமா?" என்று கேட்டார். ஆமென்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னதால் கடுகண்ணாவைச் சுரங்கம் தாண்டும்வரை அவருடைய மருமகனின் லொறியைப் பற்றிக் கேட்க வேண்டி வந்தது.

மருதானை நிலையத்தில் என் மகன் காத்து நின்றான். அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில்தான் படிக்கிறான். அங்கிருந்து நடந்தே பஞ்சிகாவத்தைக்குப் போகலாம். ஸாஹிராக் கல்லூரியும் மருதானைப் பள்ளிவாசலும் நம்மில் பலருக்குத் தெரிந்த இடங்கள். 1911இல் கட்டிய டவர் ஹோல் நாடக அரங்கும் இந்தப் பக்கம்தான். ஒரு காலத்தில் நாடகம் பார்க்க வண்டி கட்டி வந்த வீதியில் இப்போது வண்டிகளே கழற்றப்பட்டுக் கிடக்கின்றன.

சகோதரிகளே, பஞ்சிகாவத்தையை நீங்கள் பஸ் யன்னலால் பார்த்திருப்பீர்கள். இறங்கி நடந்திருக்க மாட்டீர்கள். நானும் அன்றுதான் நடந்தேன். ஒடுங்கிய கடைகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. வாசலில் பக்கக் கண்ணாடிகள் மாலைகளாகத் தொங்கும். நடைபாதையில் கியர்ப்பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒரு கடை முழுக்க விளக்குகள், அடுத்தது முழுக்கக் கதவுகள், அதற்கடுத்தது வெறும் ரேடியேட்டர்கள். எண்ணெய் மணமும் ரப்பர் மணமும் பக்கத்து ஹோட்டலின் கொத்து மணமும் கலந்து வரும். 'காலையில் காணாமற்போன கண்ணாடியை மாலையில் பஞ்சிகாவத்தையில் வாங்கலாம்' என்று கொழும்பில் பகிடியாகச் சொல்வார்கள். அந்தப் பகிடியை மட்டும் கேட்டுவிட்டு இந்த இடத்தை எடைபோடக் கூடாது. இறக்குமதி முடங்கிய ஒவ்வொரு காலத்திலும் இந்த நாட்டின் சில்லுகளைச் சுழல வைத்தது இப்படிப்பட்ட வீதிகள்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஐந்து வருடம்வரை நீடித்ததே, அப்போதும் அப்படித்தான்.

"வாங்க ராத்தா, என்ன வேணும்?" என்று நாலு கடைகளில் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். பையைத் திறந்து காட்டினேன்.

"இது எந்த வருஷத்து வண்டிக்கு?"

"யுத்தக் காலத்தது."

"எங்கட யுத்தமா ராத்தா?"

"இல்ல தம்பி, ஹிட்லர்ட யுத்தம்."

கடையே சிரித்தது. ஆனால் சிரித்தவர்கள் எங்களைத் துரத்திவிடவில்லை. பஞ்சிகாவத்தையின் வழக்கம் அது. தன்னிடம் இல்லாவிட்டால் யாரிடம் இருக்குமென்று சொல்லாமல் அனுப்ப மாட்டார்கள். ஒருவர் மேற்குப் பக்கம் கைகாட்ட, அங்கிருந்தவர் சந்திக்கு அந்தப் பக்கம் அனுப்ப, அவர் ஒரு மாடிப்படியைக் காட்டினார். மாடியில் ஒரு மூத்தவர் பழைய இங்கிலாந்துச் சாமான்கள் கொஞ்சம் வைத்திருந்தார். மங்கிய தாள் சுற்றிய பிஸ்டன் ஒன்றை எடுத்துக் காட்டினார். எம் 20க்குரியதுதான். சிலிண்டர் தேய்ந்தால் அதைக் கடைந்து சற்றுப் பெரிதாக்கி, 20 தௌ பெரிய பிஸ்டன் போடுவார்களாம். 20 தௌ என்றால் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு, ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். எங்களுக்குத் தேவையானது மட்டும் அவரிடம் இல்லை.

"முழு மெக்னீட்டோ தேடாதீங்க மகள். இருக்கிறவன் தர மாட்டான். இங்கிலாந்திலயிருந்து எடுப்பிக்கலாம், ஆனா காசு" என்றார். மகன் போனில் தேடிப் பார்த்தான். பவுண் கணக்கை ரூபாவாக மாற்றினான். பிறகு ஒன்றும் சொல்லாமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இடையில் ஏமாந்த கதையும் உண்டு. ஒரு கடையில், "கொண்டென்சர்தான் போயிருக்கும், இதைப் போடுங்க, அச்சொட்டாகப் பொருந்தும்" என்று ஒரு சின்ன உருளையைத் தந்தார்கள். பகல் வெயிலில் அலைந்த களைப்பில் காசைக் கொடுத்து வாங்கிவிட்டேன். அது வேறு வகை வண்டியில் வெளியே பூட்டுவது. எங்கள் மெக்னீட்டோவில் கொண்டென்சர் உள்ளே, சுழலும் பாகத்தோடு சேர்ந்து சுழல்வது. வைக்க இடமே இல்லை. அந்த உருளையும் இப்போது பிஸ்கட் தகரத்துக்குள்தான்.

வைத்தியர் கேட்ட கேள்வி

அஸருக்குச் சற்று முன், பிரதான வீதிக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில், டைனமோவும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் கம்பி சுற்றிக் கொடுக்கும் ஒரு சிறிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வயதான சிங்கள பாஸ் ஒருவர். மூக்குக் கண்ணாடி நூலால் கட்டியிருந்தது. மெக்னீட்டோவை வாங்கினார். உடனே கழற்றுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. கேள்வி கேட்டார்.

"நோனா, இது ஒரேயடியாக நின்றதா? இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகவா? குளிரில் ஸ்டார்ட் ஆகுமா? சூடானால் நிற்குமா?"

எனக்குத் தெரியாது. நானாவுக்குப் போன் எடுத்தேன், அவருக்கும் தெரியாது. அவர் அந்த வண்டியை ஓட்டியதே குறைவு. கடைசியில் உம்மாவுக்கு எடுத்தேன்.

"சூடானா நிக்கும்" என்றார் உம்மா, யோசிக்காமலே. "கடைசி காலத்தில புசல்லாவைக்குக் கிட்டப் போனா நிண்டுடும். வாப்பா இறங்கித் தேத்தண்ணிக் கடையில இருப்பார். அரை மணித்தியாலம் ஆறினாப் பொறகு எடுப்பார், ஓடும். பொறகு கால் மணியில நிக்கத் தொடங்கிச்சு. பொறகு நம்மட சந்தியைத் தாண்டல்ல."

நாங்களெல்லாம் வாப்பாவுக்குத் தேத்தண்ணி ஆசையென்று நினைத்திருந்தோம்! உம்மா மட்டும் நேரம் பார்த்து வைத்திருக்கிறார். மனிதன் பாதி வழியில் நிற்கும்போது வீட்டில் அடுப்பை மூட்டிவிட்டுக் காத்திருப்பவளுக்குத்தான் அந்தக் கணக்குத் தெரியும்.

நான் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் பாஸ் தலையாட்டினார். பிறகு எங்களுக்கு விளங்க வைத்தார். மெக்னீட்டோவுக்குப் பட்டரி தேவையில்லை. காந்தத்தின் நடுவே கம்பிச் சுருள் சுழலும்போது மின்சாரம் தானாகவே பிறக்கிறது. அது உச்சத்துக்கு வரும் கணத்தில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் பிரியும். அந்தப் பிரிவில்தான் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, பிளக்கில் பொறியாகப் பாயும். பிரியும் புள்ளிகளிலேயே மின்சாரம் வீணாகிவிடாமல் தாங்கிக்கொள்வதுதான் கொண்டென்சர். வருடக்கணக்கில் வேலை செய்து உள்ளே பழுதானால், குளிர்ந்திருக்கும்போது ஓரளவு தாங்கும், சூடேறினால் விட்டுவிடும். முழு மெக்னீட்டோவும் செத்துவிட்டதென்று பலர் வீசிவிடுவார்கள். சாவது நகத்தளவு சாமான்.

சொன்னதை நிரூபித்தும் காட்டினார். அச்சைச் சுழற்றினார். நீல நிறத்தில் பொறி பாய்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அவசரப்படாதீர்கள்" என்று சொல்லி, சுருள் பாகத்தை ஒரு தகரப் பெட்டிக்குள் எரியும் மின்குமிழுக்குக் கீழே வைத்தார். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்துப் பூட்டிச் சுழற்றினார். பொறியே இல்லை.

"கம்பிச் சுருளும் கிழவிதான். இரண்டையும் சேர்த்துச் செய்வது நல்லது. ஆனால் இப்போது நான் சுற்றுவதில்லை, கண் போதாது. மகள்தான்" என்று உள்ளே கூப்பிட்டார்.

நாற்பது வயதிருக்கும். கட்டுநாயக்கவில் ஒரு தொழிற்சாலையில் நுண்ணிய கம்பி சுற்றும் வேலையில் பல வருடம் இருந்தவராம். தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது தகப்பனின் மேசைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். என் மகன் ஆவலோடு கேட்கக் கேட்க, காட்டித் தந்தார். உள்ளே தடித்த கம்பியில் சில நூறு சுற்று. அதற்கு மேல் தலைமுடியை விட மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று. ஒவ்வொரு படைக்கும் இடையில் காப்புத் தாள். எங்காவது ஒரு சுற்று நசுங்கினால் முழுவதும் வீண். "நீங்கள் சேலைக்கு மணி கோர்ப்பதில்லையா? அதே பொறுமைதான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பதினைந்து நாள் கேட்டார். அச்சாரம் கொடுத்தேன். அவர் மேசையில் ஒரு சிறு பிள்ளையின் பாடசாலைக் கொப்பியும் விரித்தபடி கிடந்தது.

உங்களுக்குச் சில வார்த்தைகள்

பழைய வண்டி எல்லார் வீட்டிலும் இராது. பழைய பொருள் இருக்கும். அதற்காகச் சொல்கிறேன்.

கடைக்குப் போகும்போது பெயரைக் கொண்டுபோகாதீர்கள், பொருளைக் கொண்டுபோங்கள். பெயர் ஆளுக்கு ஆள் மாறும், பொருள் மாறாது. பழுதான பாகத்தை, புதியது பொருந்தி ஓடும்வரை வீசாதீர்கள். அதுதான் உங்கள் அளவுகோல். கையால் சுற்றிப் போகாத புரியைப் பலத்தால் திருகாதீர்கள். வாங்குமுன், எப்படிப் பழுதானது என்பதை வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள். வாகனமென்றால் பதிவுப் புத்தகத்திலுள்ள இன்ஜின் இலக்கமும் சட்டக இலக்கமும் வண்டியில் குத்தியிருப்பவையோடு ஒத்திருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். சொந்தக்காரர் மௌத்தான பிறகு பெயர் மாற்றுவதை நாளை நாளையென்று தள்ளிப் போடாதீர்கள். நாங்கள் தள்ளிப் போட்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நடந்த நடை போதும். பஞ்சிகாவத்தைக்குப் போவதென்றால் கிழமை நாளில் காலையிலேயே போங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் நம்மவர் கடைகள் மூடியிருக்கும். போயா தினத்தில் போனால் மூடிய கதவுகளைத்தான் பார்ப்பீர்கள்.

புசல்லாவையில் ஒரு தேத்தண்ணி

பதினேழாம் நாள் மகன் மெக்னீட்டோவைக் கொண்டு வந்தான். நானா வாப்பாவின் விட்வர்த் ஸ்பானர்களை எடுத்துப் பூட்டினார். பொறி வரும் நேரத்தைச் சரிபார்க்க, அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய தாளை வைத்து இழுத்துக்கொண்டே இன்ஜினைத் திருப்ப வேண்டும். தாள் எந்தக் கணத்தில் வழுக்கி வெளியே வருகிறதோ அதுதான் பொறியின் கணம். தாளை உம்மா பிடித்தார். "இப்ப!" என்று அவர் சொன்ன இடத்தில் நானா இறுக்கினார்.

நான் கார்புரேட்டர் ஊசியை அழுத்தினேன். ஐம்பது வயதைத் தாண்டிய விரலில் மீண்டும் பெற்றோல். முதல் உதைக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு ஒரு தும்மல். நாலாவதுக்குப் பிடித்துக்கொண்டது. 'டக், டக், டக்' என்று நிதானமாக, ஒவ்வொரு அடியையும் எண்ணக்கூடிய அந்தப் பழைய சத்தம். அடுத்த வீட்டு மாமி வேலியோரம் வந்து நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். உம்மா அழவில்லை. "ஓடட்டும், சூடாகட்டும்" என்றார். அவருக்கு அதுதான் பரீட்சை.

மறுநாள் நானா வண்டியில் முன்னே போக, நானும் உம்மாவும் மகனும் ஓட்டோவில் பின்னே போனோம். சந்தியைத் தாண்டியது. மலைப் பாதையில் ஏறியது. வாப்பா நிற்கும் இடங்களையெல்லாம் உம்மா விரலால் காட்டிக்கொண்டு வந்தார். ஒன்றிலும் நிற்கவில்லை. புசல்லாவைக்கு வந்ததும் நானா அந்தத் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் தானாகவே வண்டியை ஓரங்கட்டினார். கடையை இப்போது மகன் நடத்துகிறார். சத்தத்தைக் கேட்டே வெளியே வந்துவிட்டார். "பிடவை முதலாளிட வண்டியல்லவா!" என்றார்.

கொழும்புக்காரருக்கு நானா அன்றிரவே போன் எடுத்து, விற்கவில்லையென்று சொல்லிவிட்டார். கடனும் கூரையும் அப்படியேதான் இருந்தன. கடனை ஒரு வருடத்தில் கட்டி முடித்தார். என் கூரையின் பின்பக்கம் இன்னும் தகரம்தான். பங்குக் கணக்கும் அப்படியே இருக்கிறது. மெக்னீட்டோ உம்மாவுக்கு, மீதி எங்களுக்கு. மாதமொருமுறை ஓட்ட வேண்டுமென்பது உம்மாவின் கட்டளை. தன்னுடைய எட்டில் ஒன்று துருப்பிடிக்கக் கூடாதாம்.

அன்று தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்து பிளேன்டீயைக் குடித்துவிட்டு, உம்மா கிளாஸை வைத்தார். ஏலம் தட்டிப் போட்ட நல்ல சாயம்.

"வண்டி நிண்டிருக்காட்டியும் அந்த மனுஷன் இங்க நிண்டிருப்பார் போல" என்றார்.